டிக்கெட் பணத்துக்கு வாங்கிய பால்பவுடர்

மே 6, 1986, செவ்வாய்

இவர் வேலை பார்க்கும் அல் கூஸ் ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் சம்பளத்தில் கால்வாசி வெட்டு. சாப்பிடும்போதே சொல்லிவிட்டார்: “நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிடுங்க. உங்க விசா ஆகஸ்டுல முடியுது, புதுப்பிக்க வேண்டாம். மூணு பேருக்குக் கட்டாது.” எங்கள் டிக்கெட்டுக்குப் பணம்கூட எடுத்து வைத்தாயிற்று.

பாப்பா இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நடக்கிறதை இவர் கடிதத்தில் படிக்கணுமா?

மே 9, வெள்ளி

பக்கத்து ஃபிளாட் ஷம்சியாக்கா சொன்னாள், நோன்பு பிறந்தால் தேரா கடைத்தெரு முழுக்க விலை குறைப்பு என்று. யோசித்து யோசித்து, கேட்டே விட்டேன் — அந்த டிக்கெட் பணத்தை என்கிட்ட குடுங்க. அரிசி, எண்ணெய், பால்பவுடர், சோப்பு, எல்லாம் வருஷக் கடைசி வரைக்கும் இப்பவே வாங்கிப் போடறேன். சம்பளம் வாடகைக்கும் மற்றதுக்கும் போதும்.

“சேல்னாலே ஏமாத்துடி. ஏத்திட்டுக் குறைப்பான்.” கை கழுவிவிட்டு வந்து, “பி.ஏ. எகனாமிக்ஸ் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்,” என்று பணக் கவரை நீட்டினார்.

இதுவும் கரைந்தால் ஊருக்குப் போகக்கூட வழியில்லை.

மே 14

முதல் நாளே சொதப்பல். பாதி விலை என்று டின்னர் செட் வாங்கிவிட்டேன். மூன்று பேருக்கு எதற்குடி பதினெட்டு தட்டு!

மே 22, வியாழன்

எழுதாமல் தூக்கம் வராது.

நோன்பு திறந்தபிறகு ஷம்சியாக்காவோடு தேரா கடை ஒன்றுக்குப் போனேன். பால்பவுடர் டின்னில் 32-ஐ அடித்துவிட்டு 26 என்று சேல் ஸ்டிக்கர். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர் — 24!

அவர் சொன்னது சரிதான். பேசாமல் வந்துவிடலாமா? எப்படிக் கத்தினேனோ: “இதுக்குப் பேரு சேலா?”

அவ்வளவுதான். வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் ஆளுக்கொரு டின்னைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்க்கார மேனேஜர் ஓடி வந்தார். “யம்மா, விடுங்க, டின்னையே உரிச்சிடுவீங்க போல! பழைய விலைக்கே எடுத்துக்குங்க.”

“பழைய விலைக்கு விக்கத்தான் வாசல்ல சேல்னு போர்டு வச்சியளாக்கும்? அதுலேர்ந்து கொறைங்க!” என்றாள் ஷம்சியாக்கா.

குறைத்தார்! இருபது திர்ஹாம்! தேதி பார்த்து இரண்டு பெட்டி எடுத்தேன். டாக்ஸி டிக்கி மூடவில்லை.

ஜூன் 11

பெருநாள் முடிந்தது. கட்டிலுக்கடியில் அரிசி, பீரோ மேல் பால்பவுடர். கவரில் பணம் மீதி வேறு.

“இது வீடா, கோடவுனா?”

“கோடவுன்தான். வாட்ச்மேன் வேலை வேணும்னா இருங்க.”

சிரித்தார். ஒரு மாசமாகக் கேட்காத சிரிப்பு.

ஜூலை 31

இந்த மாதமும் சம்பளத்துக்குள் நின்றது. ஊர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்.

ஆகஸ்ட் 14

விசா புதுப்பிக்கப் பாப்பாவைப் போட்டோ எடுக்கப் போனோம். ஸ்டூடியோக்காரர் “யல்லா, யல்லா” என்று கைதட்டியும் அவள் கேமரா பக்கமே திரும்பவில்லை. அவளுடைய அப்பா போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றார். உடனே திரும்பிவிட்டாள்.