மாதிரிக்கு ஒரு ஜனாஸா அறிவித்தல்

திங்கள், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

பள்ளிவாசல் செயலாளர் ஏஐயிட்ட, "காசிம் காக்காட பேரப் போட்டு ஜனாஸா அறிவித்தல் ஒண்டு மாதிரிக்குக் காட்டு" எண்டிருக்கார். அது அந்த மரண அறிவித்தல ஊர் முழுக்க எஸ்எம்எஸ் அனுப்பிட்டு.

பிழை என்னிலதான். ஏஐ பாவிக்கிறதுக்கு நான் செஞ்ச எஸ்எம்எஸ் கருவிக்கு நானே எழுதின விளக்கம், "அறிவித்தலைத் தயாரிக்கும்." அனுப்பும் எண்டு எழுதல்ல. வீட்டாரிட்டக் கேக்காம அனுப்பக்கூடாது எண்டு ஊருக்கே தெரியும். ஏஐக்கு அத ஆரு சொன்ன?

மையத்து வீட்டுக்கெண்டு கதிரைகள் வந்து இறங்க, கதவத் திறந்தது காசிம் காக்காதான். மன்னிப்புக் கேக்கப் போனன். "உண்மையா மௌத்தானா நானே சொல்லியனுப்புறன், தம்பி" எண்டார்.

விளக்கத்த இப்ப திருத்திட்டன்: "உடனே ஊருக்கே போகும். வீட்டார் உறுதிசெய்த பிறகு மட்டும்."

சோதிக்க எண்ட பேரப் போட்டன். "வீட்டார் உறுதிசெய்தார்களா?" எண்டு கேட்டிச்சு. குசினிக்குள்ள மனிசி கோப்பை கழுவுற சத்தம். "இல்லை" எண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்திச்சு.