ஆண்டவருக்குக் கொடுத்த கிடார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் மட்டும் இன்னும் மனந்திரும்பவில்லை. கிடங்கில் கையுறை போட்டுக்கொண்டுதான் பெட்டி தூக்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஒரு நல்ல செய்தி. சபையில் கீபோர்டு பழுதாகி, பாடகர் குழு வெறும் கைதட்டலை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு போதகர், "மிச்சமானதை இல்லை, இழந்தால் வலிக்கும் பொருளை ஆண்டவருக்குக் கொடுங்கள். அவர் யாருக்கும் கடன்காரராக இருக்கமாட்டார்" என்றார். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். உன் கிடாரைவிடச் சிறந்த பொருள் எதுவும் கண்ணில் படவில்லை. உறையைத் துடைத்து, நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன்.

"அவனை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள் அம்மா.

"ஆண்டவர் காரியத்துக்கு அண்ணன் வேண்டாம்னா சொல்லப்போறான்?" என்றேன்.

பாடகர் குழுவில் இருக்கும் பிளம்பர் அண்ணன்தான் அதை வாசிக்கிறார். உனக்குக் கட்டாயம் ஆசீர்வாதம் வரும். வந்ததும், என்ன வந்தது, எந்த வழியாக வந்தது என்று விவரமாக எழுது. ஓய்வுநாள் பள்ளியில் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
சுண்டெலி

பிப்ரவரி 20

சுண்டெலிக்கு,

ஆசீர்வாதம் வந்தது. உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே பெட்டி ஏற்றிய வண்டியை உருட்டி, சூப்பர்வைசர் காலில் ஏற்றிவிட்டேன். அவர் சொன்ன சாட்சியை எழுத்தில் எழுத முடியாது.

இங்கே ஒரே அறையில் ஆறு பேர். குறட்டைக்கு நடுவில், கிடாரில் விரல் வைக்கும் இடங்களைப் போர்வைமேல் அழுத்திப் பார்ப்பேன். அது வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் தூக்கம் வரும். இனி?

இழந்தால் வலிக்கும் பொருளைத்தானே போதகர் கேட்டார்? உனக்கு எங்கே வலித்தது? என் பொருளை எடுத்து நீ நல்ல பேர் வாங்கியிருக்கிறாய். நான் லீவில் வர வேண்டுமென்றால், கிடார் வீட்டில் இருக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எழுதியது சரி. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

கடிதம் வந்த அன்றே பாடகர் குழு பயிற்சி நடக்கும் அறைக்குப் போனேன். பிளம்பர் அண்ணன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை வாசலில் நின்று, பிறகு உன்னைக் கேட்காமல் கொடுத்ததைச் சொன்னேன்.

"அட, உங்க அண்ணனுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன், பாப்பா" என்று கைக்குட்டையால் கிடாரைத் துடைத்து உறையில் போட்டார். "பழையபடி கைதட்டுவோம். கை என்ன தேஞ்சா போகும்?" என்று சிரித்தார். ஆனால் உறையின் ஜிப்பை மூடத்தான் அவருக்கு நேரமானது. போதகர் திட்டவில்லை. "நான் பேசினதுல பாதியைத்தான் கேட்டிருக்கே" என்றார்.

கிடார் இப்போது உன் கட்டில்மேல் இருக்கிறது.

என்னிடம் இருப்பதில் எது போனால் வலிக்கும் என்று யோசித்தேன். என் கதைப் புத்தகங்களை எல்லாம் ஓய்வுநாள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். முதல் நாளே ஒரு குட்டிப் பெண் ராஜகுமாரிக்கு மீசை வரைந்துவிட்டாள். நன்றாக வலித்தது, அண்ணா. பிறகு அவளே என் மடியில் ஏறி, அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு மனப்பாடமான பக்கம்தான். புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது.

கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வா.

சுண்டெலி

மார்ச் 19

என் சுண்டெலிக்கு,

ஜூனில் லீவு சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொல். கையுறை போடுகிறேன் என்றும் சொல்.

கிடாரைப் பிளம்பர் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடு. இந்த முறை நான் கொடுக்கிறேன். ஜிப்பை மூட அவருக்கு நேரமானது என்று எழுதினாயே, அதற்குப் பிறகு போர்வைமேல் விரல் ஓடவில்லை.

கொடுத்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. இதை எழுதும்போதே கை பின்வாங்குகிறது. ஆனால் ஒன்று. இங்கே வந்ததிலிருந்து நான் ஆண்டவரோடு பேசியதே இல்லை. கொடுக்க மனம் வரவில்லை என்று சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தேன். பிறகு அப்பாவின் இருமல், உன் பரீட்சை என்று பேச்சு நீண்டுகொண்டே போய்விட்டது.

மேல் தந்தியை ரொம்ப முறுக்க வேண்டாம் என்று பிளம்பர் அண்ணனிடம் சொல். சபையில் என் பேரை அறிவிக்க வேண்டாம் என்று போதகரிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள். கிடார் சத்தம் அங்கேவரைக்கும் கேட்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது.

உன் அண்ணன்