ஆற்றோரம் வைத்த வீடு

அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டை மட்டும் கேட்காதே.

மழை கூடினால் அணையை எப்போது திறப்பது என்று சொல்லும் கணினிக் கருவி ஒன்றைச் செய்கிறோமே, அதை நேற்று அதிகாரிகளுக்குக் காட்டினோம். எவ்வளவு மழை கொடுத்தும் மதகைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சோதனைக்காக அதன் வரைபடத்தில் ஆற்றோரமாக நம் வீட்டை வைத்திருந்தேன்; எடுக்க மறந்துவிட்டேன். திறந்தால் அது மூழ்கிவிடுமாம்.

"அங்க யாரும்மா குடியிருக்காங்க?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"எங்கம்மா சார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அங்கே மழை பிடித்தால் பக்கத்து வீட்டாரிடம் கட்டிலை மாடிக்கு ஏற்றச் சொல். வாசல்படியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று உடனே எழுது.

பேருந்து வந்துவிட்டது. வரைபடத்திலிருந்து வீட்டை அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை, மேட்டுப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன் மகள்