அம்மாவின் கன்னத்து நிறம்

என் ஆசை அக்கா செல்லம்மாளுக்கு,

அங்கே சுகமாக இருக்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நீ தீட்டிய அம்மா படம் கட்டுமாவடி உப்புக்காற்றில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. போட்டோவே எடுக்காத அம்மாவுக்கு அது ஒன்றுதானே முகம்? உன் மகன் குமார் அதைப் புதுக்கோட்டையில் ஒரு பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனான். ஸ்கேன் செய்து, கேன்வாஸ் துணியில் அச்சடித்துத் தருவார்களாம். கையால் தீட்டியது போலவே இருக்குமாம். நூறு வருஷம் நிறம் மங்காதாம்.

வந்தது. சேலை மடிப்பு, மூக்குத்தி, நீ பிரஷ்ஷால் இழுத்த கோடு எல்லாம் அப்படியே. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"யாருடா இது?" என்றேன்.

"கடையில கொஞ்சம் கலராக்கிட்டாங்க, சின்னம்மா. எல்லாரும் கேக்குறதுதானாம். நல்லாத்தானே இருக்கு?"

கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதை அம்மாவுக்கும் செய்துவிட்டார்கள். பழைய படத்தைப் பார்த்துத் திருத்தலாமென்றால், ஸ்கேன் முடிந்து திரும்பச் சட்டத்தில் மாட்டியபோதே முகத்துச் சாயம் உதிர்ந்துவிட்டது. திருத்தாத ஸ்கேனும் கடையில் இல்லை. போனில் பேசினேன். "எம்புட்டுக் கறுப்புன்னு சொல்லுங்க ஆத்தா, மாத்தித் தாரேன்" என்றார் கடைக்காரர். போனைக் குமாரிடம் கொடுத்துவிட்டேன்.

எந்த வீட்டு விசேஷத்தில் எனக்கு முறையாக இலை போடவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த வெளுத்த முகம்தான் வருகிறது. நீயும் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மாவைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் மறந்தால் நூறு வருஷத்துக்கும் இவள்தான் அம்மாவா?

நேற்று என் பேத்தி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்க அம்மா எம்புட்டுக் கலரு அப்பத்தா. நீங்க மட்டும் யாரு மாதிரி?"

சுருக்கென்றது. உடனே நீ சந்தையில் அத்தனை பேர் முன்னால் சொன்னது காதில் விழுந்தது: "இவ அப்படியே எங்கம்மா நெறம். ரெண்டு பேரையும் இருட்டுல தடவித்தான் தேடணும்." அதை நான் மன்னிக்கவில்லை அக்கா, இனியும் மாட்டேன். ஆனால் நீ சொன்னது பொய்யில்லையே?

நாளைக்குக் குமாரோடு கடைக்குப் போகிறேன். என் கையைப் படத்தின் கன்னத்தில் வைத்து, இதற்கு ஒத்து வரும்வரை திரும்பத் திரும்ப அச்சடிக்கச் சொல்வேன். வயசில் என் தோலும் வெளிறியிருந்தால் என்ன செய்வேன்? அந்தப் பயமும் இருக்கிறது. இருக்கட்டும். அம்மா வராமல் கையை எடுக்க மாட்டேன்.

நீ இருட்டில் தேடச் சொன்ன
உன் தங்கச்சி,
கருப்பாயி