ஒத்தப்பனைவிளைக்கு ஐந்நூறு தலை

5-2-1961, தாராவி
ஜனத்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சி முடிந்தது. எங்கள் சாளின் வரிசை வீடுகளுக்கெல்லாம் நான்தான் கணக்கெடுக்கும் டீச்சர். சாப்பாட்டின்போது இவரிடம் வாய்தவறி விதியைச் சொன்னேன்: பத்தாம் தேதியிலிருந்து மாசக் கடைசிவரை வெளியூரில் இருப்பவரை இங்கே எழுதக் கூடாது, இருக்கும் ஊரில்தான் எழுதுவார்கள்.

இவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“அப்ப நாங்க ஒத்தப்பனைவிளைல இருந்தா அங்கனதான் எழுதுவாவளா?”

ஏன் சொன்னேன்?

6-2-1961
சர்க்கார் கணக்கில் ஐந்நூறு தலை இருந்தால் எங்கள் ஊருக்கு பஸ் விடுவதாக முதலாளி ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஊரில் இருப்பது 438. மிச்சம் தாராவியில் தோல் பதனிடுகிறது.

போன வருஷம் நாத்தனார் இருதயமேரியைப் பிரசவ வலியில் கட்டிலோடு ஏழு மைல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. நான் எப்படி வேண்டாமென்பேன்?

8-2-1961
அறுபத்தெட்டு ஆண்கள் ரயிலேறிவிட்டார்கள், இவரும்தான். தோல் ஷாப்பில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாமனார் செத்திருக்கிறார். கல்யாணமாகாத பையன் பூலோகத்துக்கும்.

16-2-1961
மாட்டுங்காவிலிருந்து மேற்பார்வையாளர் சுந்தரராமன் வந்தார். தாள்களைப் புரட்டினார்.

“என்னம்மா, எல்லாம் பொம்மனாட்டிகளா இருக்கா? புருஷாள்லாம் எங்கே?”

“மாமனார் காரியத்துக்கு ஊருக்குப் போயிருக்காங்க சார்.”

“அத்தனை பேருமா?”

“ஒரே மாமனார் சார்.”

கையெழுத்துப் போட்டார்.

27-2-1961
இவர் கடிதம். ரயிலடியிலிருந்து அறுபத்தெட்டு பேரும் ஏழு மைல் நடந்தார்களாம். படுக்க இடமில்லாமல் பாதிப் பேர் கோவிலில், பாதிப் பேர் சர்ச்சில். பூதத்தான் தாத்தாவுக்கு இழுத்துக்கொண்டிருந்ததால், எழுத வருகிறவர் வரும்வரை நாலு பேர் முறைபோட்டுக் காவல். தாத்தா பிழைத்தேவிட்டார். மொத்தம் 506!

14-1-1962
பொங்கலன்று பஸ் வந்துவிட்டது. மாலை போட்டு, சூடம் காட்டி, சர்ச் சாமியார் ஜெபமும் சொன்னாராம்.

3-6-1962
இருதயமேரி பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். ஆண். இரண்டு உயிரும் சுகம்.

அழுதேன். சுந்தரராமன் சாரிடம் சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல நினைத்திருந்தேன். சொல்லப் போவதில்லை.

20-10-1962
ஊரிலிருந்து நயினார் குடும்பத்தோடு, ஆட்டுக்கல்லோடு, வந்து நிற்கிறான்.

“முன்னெல்லாம் சாமானைச் சொமக்கணும்னு மலைப்பா இருக்கும் டீச்சர். இப்ப பஸ்ஸுக்காரன் வாசல்லயே ஏத்தி ரயிலடில எறக்கிட்டான்லா.”

2-12-1962
இன்று ஒன்பது பேர். நேற்று ஐந்து.

9-4-1963
இருதயமேரியும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். ஊரில் பேச்சுத்துணைக்கு ஆளில்லையாம். குழாயடியில் வரிசை தெருமுனை தாண்டி நிற்கிறது. நான் குளித்து இரண்டு நாளாகிறது — யாரிடம் போய்ச் சொல்ல?

17-8-1963
மழை. வாசலில் காக்கிச் சட்டை, நனைந்த தகரப்பெட்டி.

“டீச்சர், நான் கணேசபாண்டியன். ஒங்க ஊர் பஸ்ஸுக்குக் கண்டக்டரா இருந்தேன். ஏற ஆளில்லன்னு நிறுத்திட்டாவ. இங்கன ஏதும் வேலை கெடைக்குமா?”

“தனியாவா வந்தீய?”

“டிரைவரும் வந்திருக்காரு. கீழ நிக்காரு, கூச்சப்படுதாரு.”

மேலே வரச் சொன்னேன். இன்னும் அரைப்படி அரிசி களைந்து போட்டேன்.