மழை வராதுங்க பெரியப்பா

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, மாமாவுக்குக்கூட. படித்ததும் கிழித்துப்போடு.

கொப்பரைக் களத்தில் தார்ப்பாயை எடுத்துக் காயவிடும் முன் பெரியப்பா என் போனில் மழை ராடார் பார்க்கச் சொல்வார், உனக்குத் தெரியுமே. இன்று மத்தியானமும் கேட்டார்.

"ஏன் கண்ணு, மழை வருமா?"

பழனிப் பக்கமிருந்து பெரிய சிவப்பு மழைத் திட்டு ஒன்று நம் தாராபுரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"வராதுங்க பெரியப்பா," என்றேன்.

அவர் சாப்பிட்டு எழுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. பொட்டப்புள்ளைக்குக் காலேஜ் எதுக்கு என்று உன் புத்தகங்களைப் போட்டுக் கொளுத்தினாரே, அதே இடத்தில் கொப்பரை மிதந்தது. வேட்டி நனைய நடுவில் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்ததெல்லாம் கறுத்துப்போகும். கறுக்கட்டும்.

இப்போதுதான் பயமாக இருக்கிறது. ராத்திரிச் சோறு தின்னும்போது என்னையே பார்த்தார். உனக்குக் காட்ட அந்த ராடார் படத்தைப் போனில் பிடித்து வைத்திருக்கிறேன், மேலே நேரம்கூடத் தெரிகிறது. அழிக்க மனசே வரவில்லை. அதைப் பார்த்தால் நீயும் சிரிப்பாய்.

கதவைத் தட்டுகிறார்.

"அம்மணி, தூங்கிட்டியா? அந்தப் போனைக் கொஞ்சம் கொண்டா கண்ணு."

அக்கா, நான் இன்னும் அந்தப் படத்தை