வாய் வெட்டாத டர்னிப் விளக்கு

மாலெக் துறைமுகம்
8 அக்டோபர் 1973

அன்புள்ள இஷ்பெலுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இப்போது என் வேண்டுதல். இங்கே மீன் பெட்டி தூக்குகிறேன். படகில் ஏறுவதில்லை.

காற்று ஏறப்போகிறது என்று தெரிந்தும் பிப்ரவரியில் நண்டுக்கூடை எடுக்க நம் மகள் ஊனாவைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். படகு கவிழ்ந்தது என் தவறு. அவள் கண் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே என்னைத் துரத்தினாய். "இனிமே எங்க கண்ணுலயே படாதே" என்று சொன்னாய். எட்டு மாதமாகப் படவில்லை. அதற்காக ஒரு வரி எழுதவும் கூடாதா?

இந்த மாதக் கடைசி நாள் ஹாலோவீன் வருகிறது. எங்கள் அப்பா எனக்குச் செய்து கொடுத்த விளக்கையும் முகமூடியையும் நான் அவளுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. நீயாவது செய். டர்னிப் கிழங்கின் தலையை நீ சீவு. கத்தியை அவளிடம் கொடுக்காதே. உள்ளே இருப்பதைக் கரண்டியால் அவள் சுரண்டட்டும். கை வலிக்கிறது என்று சிணுங்குவாள், விட்டுவிடாதே. பிறகு கண்ணும் வாயும் வெட்டி உள்ளே மெழுகுவத்தி வை. முகமூடிக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து, கொழுப்பு தடவி, பழைய செய்தித்தாளை மாவுப் பசையில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டு. அடுப்புக்கு மேலே காயவை. புருவத்துக்குக் கரி, தாடிக்கு ஆட்டு மயிர்.

அவள் தூங்குகிறாளா?

லாக்லன்

*

தெற்கு யூயிஸ்ட்
15 அக்டோபர் 1973

லாக்லனுக்கு,

தூங்குவதில்லை. முகம் கழுவத் தொட்டித் தண்ணீரைக் காட்டினாலே அலறுகிறாள். உன் புண்ணியம்.

விளக்கும் முகமூடியும் செய்கிறோம். நீ சொல்லிக்கொடுத்தது என்று அவளிடம் சொல்லவில்லை. உன் கடிதங்கள் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன.

எனக்கு இந்த வருடம் ஹாலோவீன் வராமலே போனால் தேவலை. ஊரே முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாக வரும். யாரைப் பார்த்தாலும் நீயோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டாயோ என்றுதான் தோன்றும். வந்துவிடாதே.

முன்பு ஒரு கடிதத்தில் கம்பளிச் சட்டை கேட்டிருந்தாய். அது இல்லை. உன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் கடலுக்குப் போடும் எண்ணெய்த்துணி உடுப்பையும் அதோடு சேர்த்துப் பக்கத்து வீட்டு ஆங்கஸிடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன். கோபத்தில்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை.

இஷ்பெல்

*

மாலெக்
22 அக்டோபர் 1973

அன்புள்ள இஷ்பெலுக்கு,

திட்டு. ஆனால் இதைக் கடைசி வரை படி.

நான் வருகிறேன். தூக்கிக்கொண்டு போக அல்ல, பார்க்க மட்டும். மாவுச் சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு முகமூடி செய்துவிட்டேன். மேலே ஆட்டுத்தோல், பாதி விரல் தெரியாதபடி கையில் கம்பளி உறை. வேஷக்காரர்கள் கூட்டத்தோடு உள்ளே வந்து கதவோரம் நிற்பேன். பேச நேர்ந்தால் வேஷம் போட்ட எல்லோரையும் போல மூச்சை உள்ளே இழுத்தபடிதான் பேசுவேன், குரல் தெரியாது. நீ மட்டும் என் பெயரைச் சொல்லிவிடாதே. சொன்னால் வழக்கப்படி முகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் மூடிய முகத்தோடே போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். உங்கள் தீவுப் படகுத்துறையில் நண்பன் ரூரி வீட்டில், ஹாலோவீனுக்கு அடுத்து வரும் சனி வரை இருப்பேன். படகில் ஏற எனக்கும் பயம்தான், இஷ்பெல்.

லாக்லன்

*

தெற்கு யூயிஸ்ட்
24 அக்டோபர் 1973

லாக்லன்,

இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டுமே என்று தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று டர்னிப்புக்குக் கண் வெட்டினோம். வாய் வெட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் வேணாம்மா."

"ஏன்டி?"

"வாய் இருந்தா கூப்பிடும். அப்பாவுக்கு வழி தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன?"

"கடலுக்குள்ள இருந்து வந்துடுவாரு. அன்னைக்குச் செத்தவங்கல்லாம் வருவாங்கல்ல? என்னையும் கூட்டிட்டுப் போயிடுவாரு. அதுக்குத்தான் விளக்கு, உள்ள வராம இருக்க. முகமூடி போட்டுக்கிட்டா நான்தான்னு தெரியாது."

அப்பா செத்துவிட்டார் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "நீதான அவரு கோட்டை ஆங்கஸ் மாமாவுக்குக் குடுத்தே" என்றாள். இங்கே செத்தவர்களின் உடுப்பைத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம் என்று உனக்குத் தெரியும். ஊனாவும் இரண்டு சாவு வீட்டில் பார்த்திருக்கிறாள். அவளைக் கண்டதும் ஊர் பேச்சை நிறுத்திக்கொண்டது வேறு. ஏழு மாதமாக ஒரு பிணத்துக்குப் பயந்துகொண்டு என் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள். நான் உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

உயிரோடுதான் இருக்கிறார் என்றேன். நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேனாம்.

அதனால் சாக்கு முகத்தோடு வராதே. பட்டப்பகலில், முகத்தைத் திறந்துகொண்டு வா. வேண்டிக் கேட்கிறேன்.

இஷ்பெல்

*

தெற்கு யூயிஸ்ட்
1 நவம்பர் 1973

அன்புள்ள லாக்லன்,

என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்பது, நேற்று கதவோரம் அந்தச் சாக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வேஷம் போட்டு வந்த ஆறு பேரில் ஐந்து பேரைக் கண்டுபிடித்தேன். ஐந்து பேரும் முகத்தைத் திறந்து சிரித்துவிட்டுக் கேக் தின்ன உட்கார்ந்தார்கள். மிச்சம் நீ. யாராவது உன் பெயரைச் சொல்லி, செத்த முகம் ஒன்று அவள் எதிரே திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று, உன் பக்கமே திரும்பாமல் கேக்கை வெட்டினேன். ஊனா காகித முகத்தோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு உன் எதிரே வந்தாள்.

"நீ யாரு? எங்கேருந்து வர்றே?"

நீ மூச்சை இழுத்தபடி, "ரொம்பத் தூரத்துலேருந்து" என்றாய்.

"கடல்லேருந்தா?"

தலையாட்டினாய்! நீ படகில் வந்ததைச் சொன்னாய், பாவம், உனக்கு என்ன தெரியும். ஆனால் அவள் ஓடவில்லை, லாக்லன். யாரென்று கண்டுபிடிக்கக் கையைத் தொட்டுப் பார்க்கலாமே, அந்த வழக்கம்தான். உன் இடது கை உறையை இழுத்தாள். கயிறு அறுத்த அந்தப் பாதி விரலைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, கை சூடா இருக்கு."

அதற்குள் நீ கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாய். நீ யாரென்று தெரிந்துவிட்டது, நான் சண்டைக்கு வருவேன் என்று பயந்திருப்பாய். அவள் உன் பெயரைச் சொல்லவே இல்லை. அந்த உறையைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "செத்தவங்க கை சில்லுனுதான இருக்கும்?" என்றாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த கடிதங்களை எடுத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "பொய்க்காரி" என்றாள். வாங்கிக்கொண்டேன். பிறகு தூங்கினாள், விடியும் வரை.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. படகு பக்கம் அவளைக் கூட்டிப் போனாயானால் நானே உன்னைக் கடலில் தள்ளுவேன். ஆனால் இனி என் பயத்தை அவள் தலையில் கட்ட மாட்டேன்.

தபால்காரர் இதை ரூரி வீட்டிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் கரண்டியும் கத்தியுமாக வந்து நின்றாள். விளக்குக்கு வாய் வெட்டிக் கொடுத்தேன். கதவுத் தூணில் கொண்டுபோய் வைத்து ஏற்றச் சொல்கிறாள். பகலில் எதற்கடி என்றேன். எரியட்டும் என்கிறாள்.

ஒரு கையுறை இங்கே இருக்கிறது. இன்னொன்றைப் போட்டுக்கொள்ளாமல் வா.

இஷ்பெல்